நிகண்டு முதல் கலைக்களஞ்சியம் வரை

நூல் நிலையங்களிலே வீட்டிற்குக் கொடுத்தனுப்பாத பெருநூல்கள் சில உள. அகராதி, கலைக்களஞ்சியம் முதலாய இவற்றை உசாத்துணை நூல்கள் என்பர். இவற்றை வாங்கி அடுக்குவதில் நாம் காட்டும் ஊக்கத்தை, இவற்றிலே தேடும் முறையைக் கற்பிப்பதிற் காட்டுகின்றோமில்லை. முன்னாளில் நிலைமை வேறு.

திண்ணைப் பள்ளி மாணவன் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை நெட்டுருச் செய்தான். அதன் பன்னிரு தொகுதிகளுள் பதினோராவது ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது. அங்கே சொற்கள் எதுகை நோக்கி, அஃதாவது இரண்டாம் எழுத்தைக் கொண்டு அடுக்கப்பட்டுள்ளன. எச்சொல்லை எங்கே தேடுவதென்பதும் பாட்டோடு பாட்டாக அவனுக்குப் படிந்துவிடும். அவனுடைய நெஞ்சே அவனுக்கு நூல் நிலையம். 1849இல் ஆறுமுக நாவலர் அந்நிகண்டை உரையுடன் அச்சேற்றியமை அக்கல்விக்கு அன்றிருந்த மதிப்பைக் காட்டும்.

1732இல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதி வேறொரு வழியைத் திறந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என அது நான்கு பகுதியாயிற்று. தொகைப்பெயரின் விரிவை நாடுவோன் ஒரு பகுதியையும், எதுகைச் சொல் நாடும் புலவன் வேறொரு பகுதியையும் விரித்தல் வேண்டும். வினாவின் தன்மையை அறியாதான் கையில் அந்நூல் பயன்படாது. பின்னர் 1842இல் மானிப்பாயில் யாழ்ப்பாண அகராதி அச்சாயிற்று. சந்திரசேகர பண்டிதரின் உழைப்பு அதிற் பெரிது. 1902இல் முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசமும், 1910இல் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும் எழுந்தன.

அகரவரிசை தானே வழிகாட்டும் என்று எண்ணி நம்மவர் பயிற்சியைக் கைவிட்டனர் போலும். அஃது அத்துணை எளிதோ? ரோமாபுரியைத் தேடும் மாணவன் ரகரத்திலே துழாவிக் களைத்து, நூலில் இல்லையென்று மூடிவிடுகின்றான். அஃது உகரத்திலே உரோமாபுரியாய் இருக்கின்றது. ராமனை இகரத்திலும், ஜனகனைச் சகரத்திலும் பார்த்தல் வேண்டுமென்று அவனுக்கு யார் சொன்னார்?

ஆண்டையும் பார்த்தல் வேண்டும். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. அகரக் கட்டுரைக்கும் வகரக் கட்டுரைக்கும் இடையே ஆண்டுகள் பல கழிந்துள்ளன. இலங்கை 1972இற் குடியரசாயினமையை அதிலே தேடுவது வீண். நூலின் குறையன்று அது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. நெஞ்சில் வைப்பதை நிறுத்தி, ஏட்டையே நம்பத் தொடங்கிய ஒரு சமுதாயத்துக்கு அவ்விழப்பு எத்தகையதென்பதை விரிக்க வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தின் வாயிலாக ஈழத்து நூல்கள் பல இன்று திரையிலே கிடைக்கின்றன. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறியிடம் ‘ராமன்’ என்று கேட்பவனுக்கு ‘இராமன்’ தப்பிப் போகலாம். பழைய தடை புதிய உருவில் நிற்கின்றது.

ஆசிரியர்கள் கிழமைக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம். நூலின் பெயரைச் சொல்லாது வினாவை மாத்திரம் கொடுக்க வேண்டும். எந்நூலில், எத்தலைப்பில், எவ்வாண்டுப் பதிப்பிற் கண்டான் என்பதை மாணவன் விடையோடு எழுதட்டும். இரண்டாவது நூலொன்றிலும் பார்த்து, இரண்டும் மாறுபடின் அம்மாறுபாட்டையும் குறிக்கட்டும்.