ஆவடி லைனில் ஓர் ஆவி

தலைப்பைப் பார்த்துட்டு பேய்க்கதைன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது அந்த ஆவி இல்லை. இட்லிக் குண்டான் மூடியைத் திறந்தா முகத்தில் அடிக்குமே, அந்த ஆவி.

தண்ணீர் கொதித்தால் ஆவி, ஆவி குளிர்ந்தால் தண்ணீர். ஸ்கூல்ல படிச்சது. இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் இதையே ஸ்டீம் டேபிள் என்று பக்கம் பக்கமா நம்பராகக் கொடுத்து மிரட்டினார்கள். ஆனா இதுக்கும் நான் தினமும் தொங்கிக்கிட்டுப் போற ஆவடி லோக்கலுக்கும் உள்ள உறவு 2019-லதான் உறைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. ஒரு லிட்டர் தண்ணீர் முழுசா ஆவியானால் கிட்டத்தட்ட 1,700 லிட்டர் இடம் கேட்கும். குக்கர் வெயிட்டைத் தூக்கி ஆட்டுவது இந்த இடநெருக்கடிதான். இதற்குக் கொடுக்கும் விலையும் பெரிசு. குழாய்த் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கு மேல், அந்தக் கொதிநீரை அதே 100 டிகிரி ஆவியாக மாற்ற ஆகும். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், தெர்மாமீட்டர் அசையாது. 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் அளந்து சொன்ன 'உள்ளுறை வெப்பம்' இதுதான். ஆவி மறுபடி தண்ணீராகும்போது அத்தனை வெப்பமும் வெளியே வந்துவிடும். இட்லி வேகிற ரகசியமும் அதில்தான் இருக்கு.

ஆரம்ப கால இன்ஜின்கள் வேலை செய்ததே இந்தத் திரும்பி வருதலை நம்பித்தான். 1712-ல் தாமஸ் நியூகோமன், சுரங்கத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஓர் இன்ஜின் செய்தார். சிலிண்டரில் ஆவியை நிரப்பி உள்ளே பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சினால், ஆவி சட்டென்று சுருங்கித் தண்ணீராகும். உள்ளே வெற்றிடம். வெளிக்காற்று பிஸ்டனை அழுத்தித் தள்ளும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சிலிண்டரும் சேர்ந்து குளிர்ந்து வெப்பம் வீணானது. 1765-ல் ஜேம்ஸ் வாட், ஆவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கண்டென்சர் வைக்கலாம் என்று யோசித்தார்.

ரயில் இன்ஜினுக்கு இதெல்லாம் தோதுப்படவில்லை. ஆவியைக் குளிர்விக்கவே ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும், அதை யார் சுமப்பது? அதனால் உயர் அழுத்த ஆவியால் பிஸ்டனைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் புகைபோக்கி வழியா வெளியே துப்பினார்கள். 'குப் குப்' என்று நாம் ரசிக்கிற சத்தம் அந்தத் துப்பல்தான். 1855-ல் செய்த 'ஈஐஆர் 21' இன்ஜினுக்கு நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் 2010-ல் மறுபடி உயிர் கொடுத்தது. அது ஓடுகிற வீடியோ இருந்தால் கேட்டுப் பாருங்க. ஒவ்வொரு குப்புக்கும் கொஞ்சம் தண்ணீர் போயே போச்சு.

இப்ப நம்ம லைனுக்கு வருவோம். 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது, சுமார் 100 கிலோமீட்டர். பெரம்பூர், ஆவடி, அரக்கோணம் எல்லாம் அந்தப் பாதையில்தான். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் நீராவி ராஜ்ஜியம். சுதந்திரத்தை ஒட்டி வந்த டபிள்யூ.பி. ரக இன்ஜின் 20,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் சுமக்கும். அதுவும் வழியில் தீர்ந்துபோகும், நிறுத்தி நிரப்பணும். நிலக்கரியை எங்கிருந்தாவது கொண்டுவரலாம், தண்ணீரை அந்தந்த ஊர்தான் கொடுக்கணும்.

1979-ல் சென்ட்ரல், திருவள்ளூர் இடையே மின்சார ரயில் வந்தது. ஆவி ஒழிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. ஒழியலை, வீடு மாத்திக்கிச்சு. நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்றைக்கும் நிலக்கரியில் கொதிக்கும் ஆவியில் இருந்துதான் வருது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ல் வந்தது. அங்கே ஆவி டர்பைனைச் சுற்றிவிட்டு, கண்டென்சரில் தண்ணீராகி, மறுபடி கொதிகலனுக்கே போகிறது. வாட் யோசனைதான். ரயில் துப்பியதை இங்கே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

அப்ப அந்த உள்ளுறை வெப்பம்? குளிர்விக்க எடுத்த கடல் தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு, சூடாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போனது. மீன் குறைஞ்சு போச்சுன்னு மீனவர்கள் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்காங்க. என் லோக்கல் புகை இல்லாம ஓடுது, கணக்கை அவங்க கட்டுறாங்க.

சரி, 2019. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தன. எங்க தெருவுக்கு லாரி எப்ப வரும்னு தெரியாம அம்மா ராத்திரி குடங்களோட முழிச்சிருப்பாங்க. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. வாலாஜா, அரக்கோணம், ஆவடி, அம்பத்தூர் வழியா, அதே 1856 பாதையில்.

நியூஸில் பார்த்துட்டு கொஞ்ச நேரம் பேச்சே வரலை. ஊர் ஊராகத் தண்ணீர் குடித்து ஓடிய ரயில், அதே வழியில் எங்களுக்குத் தண்ணீர் சுமந்து வந்துச்சு.

இன்ஜின் துப்பிய ஆவி எதுவும் தொலைஞ்சு போகலை. எங்கேயோ மேகமாகி எங்கேயோ பெய்திருக்கும். ஆனா நம்ம பக்கம் பெய்யறப்ப அதைப் பிடிச்சு வைக்க அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் சுருங்காம, சாக்கடை கலக்காம இருக்கணும். மின் நிலையத்துக்கு ஒரு கண்டென்சர் இருக்கிற மாதிரி, நமக்கு இருக்கிறது இந்த ஏரிகள்தான்.

உள்ளே குக்கர் மூணு விசில் விட்டாச்சு. அம்மா கூப்பிடறாங்க, வரட்டா? :-)