வாசகரை உருவாக்கிய நூல்கள்: வெல்ஷ் பதிப்பு வரலாற்றில் குழந்தைகளும் மொழி பயில்வோரும்

வெல்ஷ் மொழியின் இக்கால இலக்கியத்தை ஆராய்வோர் பெரும்பாலும் நாவலிலிருந்தும் கவிதையிலிருந்தும் தொடங்குவார்கள். கேட் ராபர்ட்ஸின் சிறுகதைகள், கரடோக் பிரிச்சர்டு 1961-இல் வெளியிட்ட நாவல், தேசியக் கலைவிழாவான ஐஸ்டெத்வோடின் பரிசுகள் என்று பட்டியல் நீளும். குழந்தை நூல்களுக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கப்படும். மொழி பயிலும் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட நூல்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை. இந்த வரிசை உண்மையான வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெல்ஷ் நூல் தனக்கென இருந்த வாசகர் கூட்டத்தை இழந்தது. அதன்பின் வாசகரையும் அதுவே உருவாக்க வேண்டியதாயிற்று. அந்தப் பொறுப்பைச் சுமந்தவை குழந்தை நூலும் பயில்வோர் நூலும்தான். பெரியவர்களுக்கான இலக்கியம் இன்று அவற்றை நம்பியே நிற்கிறது.

எழுத்தறிவிப்பதும் இலக்கியமும் வெல்ஷ் மொழியில் தொடக்கத்திலிருந்தே பிரியாமல் இருந்தவை. 1546-இல் சர் ஜான் பிரைஸ் அச்சிட்ட முதல் வெல்ஷ் நூலில் அரிச்சுவடி, நாட்காட்டி, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகியவை இருந்தன. படிக்கக் கற்றுத்தருவதும் அதன் நோக்கம். 1563-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பயனாக 1588-இல் வில்லியம் மோர்கனின் முழு விவிலியம் வந்தது. அந்த விவிலியத்தை வீடுவீடாக வாசிக்கவைத்தவை 1730-களில் லான்தௌரோர் ஊரின் குருவான கிரிஃபித் ஜோன்ஸ் தொடங்கிய சுற்றுப்பள்ளிகள். வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில் ஆசிரியர் ஓர் ஊரில் சுமார் மூன்று மாதம் தங்கி, பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் வேலை முடித்து வரும் பெரியவர்களுக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். பின்னர் வந்த ஞாயிறு பள்ளிகளிலும் பிள்ளைகளோடு பெரியவர்களும் உட்கார்ந்து படித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பத்துத் தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தை டென்பி நகர அச்சகத்தார் தாமஸ் கீ 1854 முதல் 1879 வரை வெளியிட முடிந்தது என்றால், அதற்கு இந்தப் பள்ளிகள் வளர்த்துவிட்ட வாசகர்களே காரணம். வெல்ஷ் நாவலின் முன்னோடியான டேனியல் ஓவன் ‘ரீஸ் லூயிஸ்’ நாவலை (1885) முதலில் திருச்சபை மாத இதழ் ஒன்றில்தான் தொடராக எழுதினார். அவருடைய வாசகரைத் தேவாலயம் முன்கூட்டியே ஆயத்தப்படுத்தி வைத்திருந்தது.

அந்த ஏற்பாடு குலைந்ததற்குப் பள்ளிக்கூடம் முதல் காரணம். வேல்ஸ் மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்களுடைய மொழியைக் குற்றஞ்சாட்டியது 1847-ஆம் ஆண்டின் அரசு அறிக்கை. 1870-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பரவிய தொடக்கப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. வகுப்பில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிடும் வழக்கம் சில பள்ளிகளில் இருந்தது. அதைத் தன் கழுத்தில் சுமந்ததாகப் பிற்காலத்தில் எழுதிவைத்தவர் ஓ. எம். எட்வர்ட்ஸ். அவரே 1892-இல் வெல்ஷ் மொழிச் சிறுவர் மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். அந்த இதழின் வழியே அவருடைய மகன் ஐவன் 1922-இல் விடுத்த அழைப்பிலிருந்து ‘இர்த்’ என்னும் இளைஞர் இயக்கம் பிறந்தது. 1931-இல் ஜென்னி தாமஸும் ஜே. ஓ. வில்லியம்ஸும் சேர்ந்து உருவாக்கிய பெரிய படக்கதைத் தொகுதி, வில் குவாக் குவாக் என்னும் குறும்புக்கார வாத்துக்குஞ்சை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. சமயப் பாடமோ நீதிபோதனையோ முன்னிற்காமல், மகிழ்ச்சிக்காகவே வெல்ஷ் படிக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்திய முயற்சிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆனாலும் சரிவு நிற்கவில்லை. 1911 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் 43.5 விழுக்காடு; 1961-இல் 26. தேவாலயங்களுக்கு வருவோரும் குறைந்தபோது, ஞாயிறுதோறும் நூலோடு கூடிய வாசகர் கூட்டம் கலைந்துபோயிற்று.

இங்கே கால வரிசையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வெல்ஷ் மொழி மறுமலர்ச்சியை 1962 பிப்ரவரியில் சாண்டர்ஸ் லூயிஸ் ஆற்றிய வானொலி உரையிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வுரைக்குப் பின் எழுந்த போராட்டங்களே நவீன வெல்ஷ் நூலையும் பெற்றெடுத்தன என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் பதிப்பின் அடித்தளம் அதற்கு முன்பே போடப்பட்டுவிட்டது. வெல்ஷ் நூல்களின் நெருக்கடியை ஆராய அரசு அமைத்த ரெடி குழு 1952-இல் அறிக்கை தந்தது. கார்டிகன்ஷயர் மாவட்ட நூலகரான அலின் ஆர். எட்வர்ட்ஸ் உள்ளூர் புத்தகச் சங்கங்களைத் திரட்டினார்; உள்ளாட்சிகளைப் பணம் தரவைத்தார். 1961-இல் அபெரிஸ்ட்வித் நகரில் வெல்ஷ் நூல் கழகம் உருவாயிற்று. இதற்கிடையே 1947-இல் லனெல்லி நகரில் உள்ளாட்சியே வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியைத் திறந்திருந்தது. 1956-இல் கிளான் க்லூயிட் உயர்நிலைப் பள்ளி வந்தது. பள்ளி திறந்தால் பாடநூல் வேண்டும். பாடநூலைத் தாண்டிப் படிக்கவும் ஏதாவது வேண்டும். நூலகரும் ஆசிரியரும் அன்றாடம் எதிர்கொண்ட இந்தத் தேவையே முதலில் வந்தது, இயக்கம் பிறகு வந்தது. இயக்கத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல இதைக் கூறவில்லை. ராபட் க்ரிஃபித் 1967-இல் தொடங்கிய அ லோல்வா பதிப்பகத்தின் துணிச்சல் இயக்கத்தின் கொடைதான். ஆனால் அந்தத் துணிச்சல் விற்பனைக்குப் போக வழியும் வாங்கக் கடையும் ஏற்கெனவே இருந்தன.

மேரி வாகன் ஜோன்ஸ் 1969-இல் அறிமுகப்படுத்திய சாலி மாலி, படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கான வாசிப்பு வரிசை ஒன்றின் நாயகி. குட்டிக் குட்டி வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் என்று பள்ளிக் கருவியாகவே அவள் பிறந்தாள். பல தலைமுறைகளின் முதல் இலக்கிய நினைவாக நிலைத்தாள். 1970-இல் ரோஜர் பூர் கார்டிஃபில் தொடங்கிய ட்ரெவ் வென் பதிப்பகம் வேறொரு சிக்கலை அவிழ்த்தது. வண்ணப் படப் புத்தகத்தைச் சில ஆயிரம் பிரதிகளுக்காக அச்சிட்டால் விலை கட்டுப்படியாகாது. பல நாட்டுப் பதிப்பாளர்கள் கூட்டாகச் சேர்ந்தால் படங்களின் வண்ண அச்சு எல்லாருக்கும் ஒன்றாகவே ஓடும். எழுத்து வரும் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றினால் போதும். இந்த முறையால் வெல்ஷ் குழந்தையின் கையிலும் ஆங்கிலக் குழந்தைக்குக் கிடைக்கும் அதே தரமான படப் புத்தகம் வந்து சேர்ந்தது. பளபளப்பான ஆங்கிலப் புத்தகத்துக்குப் பக்கத்தில் மங்கிய வெல்ஷ் புத்தகத்தை வைத்தால் பிள்ளை எதை எடுக்கும் என்று கேட்டுப் பார்த்தால் இதன் அருமை புரியும். 1976 முதல் சிறந்த குழந்தை நூல்களுக்குத் தீர் நா நோக் விருதுகள் வழங்கப்படுகின்றன.

பயில்வோருக்கான நூல் இன்னும் தாமதமாக வந்தது. எழுத்து வெல்ஷுக்கும் பேச்சு வெல்ஷுக்கும் இடைவெளி பெரிது. வடக்கின் பேச்சும் தெற்கின் பேச்சும் வேறு. 1960-களில் கல்வியாளர்கள் இவற்றுக்கிடையே பொதுவான பேச்சு வடிவம் ஒன்றை வகுத்துப் பாடங்களில் புகுத்தினார்கள். இஸ்ரேலில் குடியேறியவர்களுக்கு ஹீப்ரு கற்பித்த தீவிர வகுப்புகளைப் பின்பற்றி 1973 முதல் ‘உல்பான்’ வகுப்புகள் நடந்தன. ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வந்தவர் எதைப் படிப்பது? குழந்தைக் கதை அவர் வயதுக்கு ஒட்டாது, நாவலோ எட்டாது. இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் பெத்தன் குவானஸ் முக்கியமானவர். 1999-இல் அவர் எழுதிய, ப்ளோட்வென் ஜோன்ஸின் வாழ்க்கையைச் சொல்லும் நூல், வெல்ஷ் கற்கும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பு. எளிய வாக்கியங்களில், பக்கத்தின் அடியில் அருஞ்சொற்பொருளோடு, தன் ஆசிரியர்மேல் மையல் கொண்ட ஒரு பெண்ணின் கலகலப்பான கதையாக அது நகர்கிறது. எளிய நடை அங்கே கதாபாத்திரத்தின் இயல்பாகவே அமைந்துவிடுவதால், வாசகர் தன்னைக் கீழே இறக்கிவைத்து எழுதியதாக உணர்வதில்லை. நல்ல கைத்திறன் இது. 2016-இல் தேசிய வெல்ஷ் கற்றல் மையம் ஏற்பட்டது. 2018-இல் ‘அம்தானி’ வரிசை தொடங்கி, வகுப்புகளின் நான்கு படிநிலைகளுக்கும் ஏற்பக் கதைகளும் கட்டுரைகளும் வரத் தொடங்கின.

இவ்விரு நூல்வகைகளும் ஒரே வீட்டில் சந்திக்கின்றன என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததில்லை. தென்கிழக்கு வேல்ஸில் வெல்ஷ் வழிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் மிகப் பலர் வெல்ஷ் பேசாத வீடுகளைச் சேர்ந்தவர்கள். இரவில் கதை படித்துக்காட்டும் தாயோ தந்தையோ பிள்ளையோடு சேர்ந்தே மொழியைக் கற்கிறார். அதனால்தான் பல குழந்தை நூல்களில் ஆங்கில வாசகமும் உடன் இருக்கிறது. அந்தப் படுக்கையறையில் குழந்தை நூலே பெற்றோருக்குப் பயில்வோர் நூலாகிறது. எழுத்தாளர்களும் இந்த எல்லைகளை மதிப்பதில்லை. சூனியக்காரி ராலா ரூடின்ஸைப் படைத்த அங்ஹாரட் டோமோஸ், மொழிப் போராட்டத்துக்காகச் சிறை சென்றவர். சிறை வாழ்வை நாவலாக்கியவர். ஐஸ்டெத்வோடின் உரைநடைப் பதக்கத்தை 1991-இலும் 1997-இலும் வென்றவர். மனோன் ஸ்டெஃபன் ரோஸின் நெபோ ஊர் நாவலைப் பாருங்கள். பேரழிவுக்குப் பின் தனித்துவிடப்பட்ட தாயும் மகனும் ஒரு நீல நோட்டில் மாறிமாறி எழுதுகிறார்கள். நீல நூல் என்ற பெயர் கார்மார்தனின் கறுப்பு நூலையும் ஹெர்கெஸ்டின் சிவப்பு நூலையும், அதாவது மொழியின் இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளை நினைவூட்டுகிறது. வெல்ஷில் அது 2018-இன் உரைநடைப் பதக்கத்தை வென்றது. ஆசிரியரே செய்த ஆங்கில வடிவம் 2023-இல் கார்னகி பதக்கத்தைப் பெற்றது. அது சிறுவர், இளையோர் நூல்களுக்கான விருது. பெரியவர் நூல், சிறுவர் நூல் என்ற பிரிவு இந்தச் சிறிய மொழியில் எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. அரசு மானியத்தில் வாழும் இலக்கியம் செயற்கையானது, வாசகர் கேட்டு வந்ததல்ல என்பது ஒன்று. நூல் கழகம் மானியம் தருகிறது, விநியோகம் செய்கிறது, விளம்பரமும் பார்க்கிறது. அது இல்லாமல் பல நூல்கள் வெளிவராது என்பது மெய். ஆனால் 1588 விவிலியம் சட்டத்தால் வந்தது. சுற்றுப்பள்ளிகள் நன்கொடையால் நடந்தன. சந்தையை மட்டும் நம்பி வெல்ஷ் நூல் தழைத்தது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில்தான். அப்போது ஆங்கிலமே அறியாத பெருந்திரள் இருந்தது. இன்று வெல்ஷ் வாசகர் ஏறக்குறைய அனைவரும் ஆங்கிலமும் படிப்பவர்கள். எளிய நூல்கள் மொழியைத் தேய்த்துவிடும் என்ற கவலையும் பழையது. சாலி மாலியில் தொடங்கிய பிள்ளை அங்கேயே நின்றுவிட்டால் அந்தக் கவலை நியாயம். நெபோ நாவலைக் கொண்டாடிய தலைமுறை அங்கே நின்றுவிடவில்லை. மொழிபெயர்ப்புகள் குழந்தை அலமாரியை நிறைக்கின்றன என்ற குறையை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. 2003-இல் ஹாரி பாட்டர் வெல்ஷில் வந்தபோது எழுந்த மகிழ்ச்சி உண்மை; ஆனால் தன் ஊரும் தன் தெருவும் இல்லாத கதைகளை மட்டுமே படித்து வளரும் பிள்ளை, வெல்ஷை வேறெங்கோ நடக்கும் வாழ்க்கையின் மறுபதிப்பாகவே காணும். கூட்டுப் பதிப்பு முறை தந்த நன்மைக்கு இது கொடுத்த விலை.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. 1981-இல் சுமார் 19 விழுக்காட்டுக்கு இறங்கிய எண்ணிக்கை 2001-இல் 20.8-க்கு ஏறியது, 2021-இல் 17.8-க்கு, ஏறக்குறைய 5,38,000 பேருக்குச் சரிந்தது. 5 முதல் 15 வயதுக்குட்பட்டோரில் 2011-இல் 40.3 விழுக்காடாக இருந்தது 34.3 ஆயிற்று. பள்ளிகளும் குழந்தை நூல்களும் வாசகரை உருவாக்குகின்றன என்றால் இது எப்படி? பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் பின்னணியில், பெற்றோர் தந்த பதில்கள் இவை என்பது ஒரு பகுதி விளக்கம். அதைவிட முக்கியமாக, மொழி பேசுவோரின் எண்ணிக்கையும் நூல் வாசிப்போரின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. வேல்ஸ் அரசு 2017-இல் அறிவித்த திட்டம் 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்று இலக்கு வைத்தது. எத்தனை வாசகர் என்று வைக்கவில்லை. வெல்ஷ் வழியில் படித்து முடித்த பல இளைஞர்கள் பதின்ம வயதில் வெல்ஷ் நூலைக் கைவிடுகிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். என் வாதத்தின் எல்லையும் அங்கேதான். குழந்தைக்கு அலமாரி உண்டு, மொழி கற்கும் பெரியவருக்கும் அம்தானி முதல் படிக்கட்டு உண்டு. பதினைந்து வயதுக்காரருக்கு மட்டும் படிகள் விட்டுவிட்டே இருக்கின்றன. 2001-இல் தீர் நா நோக் விருது பெற்ற பெத்தன் குவானஸின் பதின்மர் நாவல் போன்றவை தனித்தனிச் சாதனைகள். 1961-இல் வெல்ஷ் நூலுக்கென நிறுவன ஏற்பாடு ஒன்று எழுந்தது போல, இந்த வயதுக்கென ஓர் ஏற்பாடு இன்னும் முழுமையாக எழவில்லை. நூலகக் கடன் பதிவேடுகளையும் பள்ளிகள் வாங்கிய நூற்பட்டியல்களையும் ஆண்டுவாரியாக ஒப்பிட்டால், வாசகர் எந்த வகுப்பில், எந்த நூலோடு விலகுகிறார் என்று காட்ட முடியும். பரிசுப் பட்டியல்களை விட்டு அந்தப் பதிவேடுகளுக்கே ஆய்வு போக வேண்டும்.