டிஜிட்டல் வானொலி: விவசாயிகள் இப்போதே வாங்கலாமா?

மருந்து தெளிக்கும் முன்பும், அறுவடைக்கு ஆள் சொல்லும் முன்பும் வானிலை அறிவிப்பைக் கேட்பது உழவர்களின் வழக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபோது பல ஊர்களில் மின்சாரமும் கைபேசிச் சேவையும் பல நாள்கள் இல்லை. அத்தகைய வேளையில் பேட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டிதான் கைகொடுக்கும். அந்த வானொலி இப்போது டிஜிட்டல் முறைக்கு மாறத் தொடங்கியுள்ளது. ஆகவே, பெட்டி வாங்கும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

வானொலியும் வேளாண்மையும்

1960களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு தஞ்சைப் பகுதி விவசாயிகள் ஏடிடி 27 நெல் ரகத்தைப் பயிரிட்டனர். அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். நல்ல நிகழ்ச்சியும், அதைக் கேட்கப் பெட்டியும் இருந்ததால்தான் அது நடந்தது.

டிஜிட்டல் வானொலி என்றால் என்ன?

இது இணைய வானொலி அல்ல. டேட்டா தேவையில்லை, கோபுரத்திலிருந்து வரும் அலையையே பெட்டி வாங்குகிறது. நம் நாட்டில் அகில இந்திய வானொலி 'டிஆர்எம்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, சென்னை உள்ளிட்ட 30க்கும் மேற்பட்ட இடங்களில் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை அமைத்தது. மத்திய அலை, பண்பலையைவிட அதிகத் தொலைவு செல்லும்.

நன்மைகள்

• இரைச்சல் இல்லாத தெளிவான ஒலி.
• ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள்.
• வானிலை, சந்தை விலை போன்றவற்றைத் திரையில் எழுத்தாகவும் அனுப்பும் வசதி.
• பேரிடர் எச்சரிக்கையை உடனே ஒலிக்கச் செய்யும் வசதி. இதற்கு நிலையமும் பெட்டியும் இரண்டுமே தயாராக இருக்க வேண்டும்.
• நிலையத்துக்கு மின்செலவு குறைவு.

குறைகள்

பழைய பெட்டியில் அலை பலவீனமானால் கரகரப்புடனாவது பேச்சு கேட்கும். டிஜிட்டலில் ஓரளவுக்குக் கீழே போனால் ஒலி அடியோடு நின்றுவிடும். மோட்டார் ஸ்டார்ட்டர், மலிவான எல்இடி பல்பு, கைபேசி சார்ஜர் ஆகியவை மத்திய அலைக்கு இடையூறு செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியின் விலை சாதாரண வானொலியைவிடப் பல மடங்கு. சில நிறுவனங்களின் புதிய கார்களில் இவ்வசதி வந்துவிட்டது. வயல் வரப்புக்கு வரவில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

கனடாவிலும் டிஜிட்டல் வானொலி தொடங்கப்பட்டது. பெட்டிகள் பரவவில்லை, பெரும்பாலும் பழைய நிகழ்ச்சிகளே அதிலும் ஒலித்தன. கடைசியில் நிலையங்கள் அதைக் கைவிட்டன. நார்வே வேறு வழியில் சென்றது. முதலில் நாடு முழுவதும் டிஜிட்டல் அலை எட்டும்படி செய்து, நிகழ்ச்சிகளைப் பெருக்கிய பிறகே 2017இல் தேசிய பண்பலை ஒலிபரப்பை நிறுத்தியது. அங்கும் தொடக்கத்தில் கேட்போர் குறைந்தனர்.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். நல்ல விதை இருந்தும் தண்ணீர் இல்லையென்றால் பயிர் வராது. அதுபோல, டிரான்ஸ்மிட்டர் மட்டும் வைத்தால் போதாது. மலிவான பெட்டியும், அதில் மட்டும் கிடைக்கும் பயனுள்ள நிகழ்ச்சியும் சேர்ந்து வந்தால்தான் நம் ஊரில் டிஜிட்டல் வானொலி நிலைக்கும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. தற்போதுள்ள வானொலிப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். மாற்று பேட்டரிகளை, குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், கையிருப்பில் வைத்திருங்கள்.
2. டிஜிட்டல் பெட்டி வாங்குவதானால் 'டிஆர்எம்' என்று குறிப்பிட்டுள்ளதா எனப் பாருங்கள். கடிகாரம்போல் எண் காட்டும் பெட்டியெல்லாம் டிஜிட்டல் வானொலி அல்ல.
3. அதே பெட்டியில் சாதாரண மத்திய அலையும் பண்பலையும் கேட்க வேண்டும்.
4. கடையில் கேட்டதோடு நிற்காமல், உங்கள் வீட்டிலும் வயலிலும் காலை, மாலை இருவேளையும் கேட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.
5. ஒலி நின்று நின்று வந்தால் பெட்டியைத் திசை மாற்றி வையுங்கள். மோட்டார், சார்ஜர் அருகே வைக்க வேண்டாம்.
6. தனியாக வாங்குவதைவிட, உழவர் மன்றம் அல்லது உழவர் உற்பத்தியாளர் குழு சார்பில் ஒரு பெட்டி வாங்கிச் சேர்ந்து கேட்கலாம்.

பெட்டி விலை இறங்கி, உங்கள் ஊரில் ஒலி தடையின்றிக் கிடைக்கும் வரை பொறுத்திருப்பதில் நட்டம் ஏதும் இல்லை. அதுவரை பழைய பெட்டியில் வானிலை அறிவிப்பை நாள்தோறும் தவறாமல் கேளுங்கள்.