கெதியாப் பழுக்கிற தக்காளி: யாருடைய நாட்கணக்கு?

2022 ஜூனில் அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்தது. மூன்று மாதத்துக்கு, வீட்டுத்தோட்டம் செய்யட்டும் எண்டு. வெள்ளவத்தை ஃப்ளட்டில் தோட்டம் எங்க இருக்கு? கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். ஆனாலும் சனம் செய்தது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், செய்யாமல் என்ன செய்யிறது? பல்கனியிலும் மொட்டைமாடியிலும் பெயின்ற் வாளிகளில் தக்காளி முளைத்தது. எல்லாரும் கேட்டது கெதியாக் காய்க்கிற விதை.

இந்தக் ‘கெதி’க்கு ஒரு வரலாறு இருக்கு, அது எங்கட ஊர் வரலாறு இல்லை. தக்காளியின் காட்டு உறவுகள் தென்னமெரிக்காவின் அந்தீஸ் பக்கத்தில் இருக்கின்றன. குளிர்நாடுகளுக்குப் போனபிறகுதான் அதுக்கு ஒரு கெடு வந்தது: உறைபனி விழுமுன் பழுக்கவேணும். 1900 இல் பிலடெல்பியா விதைக் கம்பனி ஒன்று ‘ஏர்லியானா’ எண்ட வகையை விற்கத் தொடங்கியது. பெயரே அவசரத்தைச் சொல்லுது. 1914 இல் புளோரிடாவில் ஒரு செடி மற்றவை போல ஏறிப் படராமல், கொஞ்சம் வளர்ந்ததும் நின்றுவிட்டது. இண்டைக்கு வாளியில் அடங்குகிற, காய்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பழுக்கிற குட்டை வகைகளின் இயல்பு அந்தத் திடீர் மாற்றத்தில் இருந்து வந்ததுதான்.

கொழும்பில் உறைபனி இல்லை. இங்க தடை வேறு. இரவுச் சூடு 24 பாகையைத் தாண்டினால் பல வகைகளில் பூ கொட்டும், காய் பிடிக்காது. மே தொடக்கம் தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு பெருமழை. எல்லாவற்றையும் விட மோசமானது பக்டீரியா வாடல்: காலையில் பச்சையாக நிண்ட செடி இரண்டு மூன்று நாளில் அப்படியே தொங்கிப்போகும். தண்டை வெட்டிக் கண்ணாடிக் கிளாசில் தண்ணிக்குள் பிடித்தால் பால்போல ஒரு நூல் இறங்கும். அந்த மண்ணில் திரும்ப மிளகாயோ கத்தரியோ வைக்கக்கூடாது, எல்லாம் ஒரே குடும்பம். ‘கே.டபிள்யூ.ஆர்.’ எண்ட பழைய இலங்கை வகையின் பெயருக்குள்ளேயே கட்டுகஸ்தோட்டையும் வாடல் எதிர்ப்பும் இருக்கு. எழுபது நாளா எண்பது நாளா எண்டது இங்கத்தைய ஆய்வாளர்களுக்கு முதல் கேள்வியாக இருக்கவில்லை எண்டுதான் நான் வாசிக்கிறேன். 1971 இல் தாய்வானில் உருவான மரக்கறி ஆய்வு நிலையமும் சூட்டையும் வாடலையும் தாங்கும் தக்காளியைத்தான் தேடியது.

ஆக, படத்தில் கை அகலத்துக்குப் பழம் போட்ட வெளிநாட்டுப் பக்கெட்டை நம்புறதைவிட, விவசாயத் திணைக்களத்தின் ‘திலின’ போன்ற உள்ளூர் வகையையோ, சூட்டிலும் ஓரளவு காய்பிடிக்கிற செரித் தக்காளியையோ எடுக்கலாம். பக்கெட்டில் போட்டிருக்கிற நாட்கணக்கு பெரும்பாலும் நாற்றை நட்ட நாளிலிருந்து; நாற்றுமேடைக்கு மூன்று நாலு கிழமை தனி. டிசெம்பர் தொடக்கத்தில் விதை போட்டால் ஜனவரியின் குளிர்ந்த இரவுகளில் பூக்கும்.

2022 இல் லீவு வந்தது ஜூனில். மழை தொடங்கியிருந்தது. யூரியாவும் இல்லை, முதல் வருசம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததும் அதே அரசாங்கம்தான். விதை போட்டுப் பழம் பறிக்க நூறு நாள் பிடிக்கிற செடிக்கு, மூன்று மாத வெள்ளிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று நாள்.