சுழல்தட்டை நிறுத்தும் உரிமை: ஒரு சிறு வரலாறு

இரைச்சலிடும் இரண்டாவது வன்தட்டை லினக்ஸில் நாமே நிறுத்துவதற்கு ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். அக்கட்டளையின் பிறப்பைத் தேடிச் சென்றால் நாம் சென்று சேருமிடம் மடிக்கணினியின் பேட்டரி. மின்சாரத்தைச் சேமிக்க உருவான ஏற்பாட்டையே நாம் இன்று அமைதிக்காகப் பயன்படுத்துகிறோம். சுழலும் தட்டை நிறுத்தும் உரிமை யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதே இப்பதிவின் பொருள்.

இக்கதையைக் கொல்கத்தாவிலிருந்தே தொடங்கலாம். நகரின் வடக்கே பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகம், பி. சி. மகலனோபிஸின் முயற்சியால், 1950களின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் கணினியை வரவழைத்தது. இந்தியாவுக்கு வந்த முதல் இலக்கமுறைக் கணினி அது. அதன் நினைவகம் 1024 சொற்களைக் கொண்ட, இடைவிடாது சுழலும் காந்த உருளை. உருளையே முதன்மை நினைவகம் ஆகையால் அது நின்றால் கணக்கீடும் நின்றுவிடும். 'இதை மட்டும் நிறுத்திவைப்போம்' என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை.

1956இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய ராமாக், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை நிமிடத்துக்கு 1200 முறை சுழற்றி ஐம்பது லட்சம் எழுத்துகளைச் சேமித்தது. தட்டு இங்கே துணைச் சேமிப்பகமாகிவிட்டது. கோட்பாட்டளவில் தனியே நிறுத்தலாம். ஆனால் மாதம் 3,200 டாலர் வாடகைக்கு வந்த இயந்திரத்தைச் சும்மா நிறுத்திவைக்க எவருக்கு மனம் வரும்? ஓசையும் கணினிக் கூடத்தின் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிட்டது. கேட்டவர் சம்பளம் பெறும் இயக்குநர். வீட்டில் உறங்குபவர் அல்லர்.

மேசைக் கணினி வந்தபின்தான் தட்டு மனிதனின் காதருகே வந்தது. 1984இல் வெளிவந்த சீகேட் எஸ்.டி.-225 போன்ற 20 மெகாபைட் வன்தட்டுகளில், கணினியை அணைக்குமுன் 'பார்க்' என்னும் சிறு நிரலை இயக்கித் தலைகளைத் தரவில்லாத பகுதிக்கு நகர்த்த வேண்டும். நிறுத்தும் பொறுப்பு முழுக்கப் பயனரின் கையில் இருந்த காலம் அது. மின்வெட்டு அன்றாடமாயிருந்த கொல்கத்தாவில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை: மின்சாரம் போன கணத்தில் தலைகள் எங்கிருந்தனவோ அங்கேயே தட்டின்மீது அமர்ந்தன. பின்வந்த வன்தட்டுகள், சுழலும் தட்டில் எஞ்சிய ஆற்றலைக்கொண்டே தலைகளைத் தாமாக ஒதுக்கக் கற்றன. பயனரின் பொறுப்பு குறைந்தது. அதனோடு அவருடைய உரிமையும் குறைந்தது என்பேன்.

1988இல் பிரெய்ரிடெக் நிறுவனம் முதல் இரண்டரை அங்குல வன்தட்டை வெளியிட்டது. மடிக்கணினியில் தட்டின் ஒவ்வொரு சுழற்சியும் பேட்டரியைத் தின்றது. 1994இல் தரநிலையாக வெளிவந்த ஏ.டி.ஏ., தட்டின் சுழற்சியை நிறுத்தும் கட்டளைகளையும் உள்ளடக்கியது. மார்க் லார்ட் எழுதிய எச்டிபார்ம் என்னும் நிரல் அவற்றை லினக்ஸ் பயனரிடம் சேர்த்தது. அந்நிரலின் பெரிய 'எஸ்' விருப்பத்தேர்வில் ஒரு தொல்லியல் எச்சம் உண்டு. 1 முதல் 240 வரையிலான எண்கள் ஐந்து விநாடி மடங்குகள். 241 முதல் 251 வரை அரைமணி மடங்குகள். ஆக 240 என்றால் 20 நிமிடம், 241 என்றால் 30 நிமிடம். ஒரே பைட்டுக்குள் விநாடிகளையும் மணிகளையும் அடக்க முயன்றதன் தழும்பு இது.

செய்முறை எளிது. அத்தட்டிலுள்ள கோப்புகளை மூடி, அதன் பகிர்வுகளை அன்மவுண்ட் செய்து, நிர்வாகி உரிமையுடன் எச்டிபார்மைச் சிறிய 'ஒய்' விருப்பத்தேர்வுடன் அந்தத் தட்டின் பெயருக்கு ஏவ வேண்டும். பகலில் டயமண்ட் ஹார்பர் சாலையின் இரைச்சலுக்கு முன் என் பழைய வன்தட்டு எம்மாத்திரம்! பெஹாலாவின் பின்னிரவில்தான் அதன் குரல் எழும். (வங்காளத்தில் 'பெஹாலா' என்றால் வயலின் என்றும் பொருள், ஊரின் பெயருக்கு இத்தட்டு எவ்வகையிலும் நியாயம் செய்யவில்லை.) நிறுத்திய தட்டு சில நிமிடங்களில் தானே விழித்தால், தட்டின் நலத்தை அவ்வப்போது சோதிக்கும் ஸ்மார்ட்டி போன்ற பின்னணி நிரல்களைச் சந்தேகிக்கலாம். உறங்கும் தட்டை எழுப்பாதே என்று அதற்குச் சொல்லிவைக்கவும் வழியுண்டு.

அடிக்கடி நிறுத்துவது நல்லதா என்ற கேள்வி பழையது. 2007இல் உபுண்டு பயனர்கள், மடிக்கணினி வன்தட்டுகள் மின்சேமிப்பின் பெயரால் ஓயாமல் தலைகளை ஒதுக்கித் தம் ஆயுளைக் கரைப்பதாகக் கவலைப்பட்டனர். அப்போது கைகொடுத்ததும் எச்டிபார்ம்தான். இம்முறை நிறுத்துவதற்காக அல்ல, நிறுத்தாமலிருக்க.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று. ஓசை தாங்கியின் தேய்மானத்தால் எழுவதாயின், நின்ற தட்டு மறுபடி சுழலும் என்பதற்கு உறுதியில்லை. ஆவணக் காப்பகங்களில் எடுத்த படங்கள் அதில் மட்டுமே இருந்தால், இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு முதலில் அவற்றை வேறோர் இடத்துக்கு நகலெடுங்கள். தட்டை அதன் பிறகு நிறுத்தலாம்.