பாய் வீட்டு ராமாயணம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொசுவத்தி கொஞ்சம் அதிகமாவே சுத்தும், பொறுத்துக்குங்க மக்களே.

1987 ஜனவரி 25. தூர்தர்ஷன்ல ராமானந்த் சாகரோட ராமாயணம் ஆரம்பிச்ச நாள். புளியந்தோப்புல எங்க சந்துக்கே அப்ப ஒரே ஒரு டிவிதான். ஷட்டர் வச்ச சாலிடேர், கறுப்பு வெள்ளை. அது இருந்தது பாய் வீட்ல. பாய்க்கு ஆட்டுத்தொட்டியில வேலை. ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பதரை மணிக்கு அவங்க வீட்டு வாசல்ல செருப்பு குவிஞ்சிடும். எங்க பாட்டி, எதிர்வீட்டு மேரியக்கா, அவங்க பசங்க, நான், எல்லாரும் தரையில.

சிக்கல் என்னன்னா சீரியல் ஹிந்தி. எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. பாயம்மா வீட்ல பேசுறது உருது. அதனால அவங்கதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். "கைகேயி இன்னா சொல்றான்னா, பரதனுக்குத்தான் பட்டம் கட்டணுமாம்!" நடுவுல சமஸ்கிருத வார்த்தையா வந்து விழுந்தா பாயம்மா திணறுவாங்க. உடனே எங்க பாட்டி கதையை எடுத்துக் குடுக்கும். ஒருத்தருக்கு மொழி தெரியும், இன்னொருத்தருக்குக் கதை தெரியும். 78 எபிசோடு, 1988 ஜூலை 31 வரைக்கும் இப்படித்தான் ஓடுச்சு.

இதே சீரியல் வட இந்தியாவுல ராமர் கோயில் அரசியலுக்கு எப்படித் துணை போச்சுன்னு அர்விந்த் ராஜகோபால் 2001ல ஒரு புத்தகமே எழுதியிருக்கார். பின்னாடி அதைப் பத்திப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்தது. ஒரே படம், ஒரே வசனம். யார் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தோம்ங்கறதுலதான் வித்தியாசம்னு அன்னிக்கு முடிவு கட்டினேன். அது பாதிதான் உண்மைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அதுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். "டிவி வர்றதுக்கு முன்னாடி ஊரே ஒத்துமையா இருந்துச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1921 ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பின்னி கம்பெனியோட பக்கிங்காம் - கர்நாடிக் மில் ஸ்ட்ரைக். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போனாங்க. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஸ்ட்ரைக் பக்கம் நின்னாங்க. ஜூன் கடைசியில இதே புளியந்தோப்புல ஆதிதிராவிடர் குடிசைகளைக் கொளுத்தினாங்க. ஒரே மில்லுல வேலை பார்த்தவங்கதான் எதிரெதிரே நின்னாங்க. அன்னிக்கு டிவி ஏது? பக்கத்து ஆளை ஒரு பேரால மட்டும் பார்க்க ஆரம்பிச்சா என்ன ஆகும்னு இந்த ஊருக்கு நூறு வருஷமாத் தெரியும்.

சரி, டிவிக்கு வருவோம். ராமாயணம் ஓடிட்டு இருந்தப்பவே, 1988 ஜனவரியில தூர்தர்ஷன் 'தமஸ்' போட்டாங்க. பீஷ்ம சாஹ்னி நாவல், கோவிந்த் நிஹலானி இயக்கம். பிரிவினைக் காலக் கதை. பன்னி ஒண்ணைக் கொல்லச் சொல்லி ஒரு ஏழைத் தோல் தொழிலாளிக்குக் காசு குடுக்கறாங்க. அந்தப் பன்னி மசூதி வாசல்ல கிடக்குது. ஊரே பத்தி எரியுது. இதைக் காட்டினா நாட்டுல கலவரம் வரும்னு கோர்ட்டுக்குப் போனாங்க. பம்பாய் உயர்நீதிமன்றத்துல நீதிபதிகள் லெண்டின், சுஜாதா மனோகர் ரெண்டு பேரும் முழு சீரியலையும் உட்கார்ந்து பார்த்துட்டு, காட்டலாம்னாங்க. பிப்ரவரியில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிச்சு. எதுக்கெடுத்தாலும் மிரள்ற ஆளை வச்சு அளக்கக்கூடாது, நிதானமா யோசிக்கிற சாதாரண மனுஷனை வச்சுத்தான் அளக்கணும்ங்கறது அந்தத் தீர்ப்போட சாரம்.

தமஸ்ல ஒரு விஷயம் முக்கியம். காசு குடுத்து அனுப்பினவன் யாரு, அவனோட உள்நோக்கம் என்னன்னு பார்க்கிறவனுக்குப் புரியும். கதைன்னு ஒண்ணு இருந்தா காரணமும் கூடவே வந்துடும்.

அப்புறம் 1993ல சன் டிவி வந்தது. வீட்டுக்கு வீடு கலர் டிவியும் வந்தது. பாய் வீட்டு வாசல்ல செருப்பு குறைஞ்சுது. மெகா சீரியல் காலத்துல எங்கம்மா ஒண்ணு விடாம பார்த்தாங்க. எனக்கு நினைவு தெரிஞ்சு அதுல ஒரு பாய் வீடு கதைக்கு நடுவுல வந்ததா ஞாபகமே இல்லை. எதிர்வீட்டு மேரியக்கா மாதிரி ஒரு ஆளும் இல்லை. பாய்னா சினிமாவுல பிரியாணி கடை, இல்லேன்னா வெடிகுண்டு. இது பெரிய விஷயமான்னு அப்ப தோணல. பாயம்மாதான் பக்கத்துலயே இருக்காங்களே!

இப்ப 2020. மார்ச் 25ல லாக்டவுன். மார்ச் 28ல தூர்தர்ஷன் மறுபடியும் அதே ராமாயணத்தைப் போட ஆரம்பிச்சுது. அம்மா ஆசையா வச்சாங்க. ஹிந்தி. மொழிபெயர்க்கிற ஆள் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஆனா யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. அஞ்சு நிமிஷத்துல தமிழ் நியூஸ் சானலுக்கு மாத்திட்டாங்க.

அந்த வாரம் நியூஸ்ல என்ன ஓடுச்சுன்னு உங்களுக்கே தெரியும். டெல்லி நிஜாமுதீன் மாநாட்டுக்குப் போயிட்டு வந்தவங்க. ஏப்ரல் 1ஆம் தேதி தமிழ்நாட்டுல புதுசா உறுதியான 110 பேரும் அங்க போனவங்கதான்னு அரசு அறிவிச்சுது. எண்ணிக்கை பொய் இல்லை. மதச்சாயம் பூசாதீங்கன்னு அப்ப முதல்வரா இருந்த எடப்பாடி பழனிசாமி கேட்டுக்கிட்டார். சுகாதாரத்துறையும் தினசரி பேட்டியில 'சிங்கிள் சோர்ஸ்'னு சொல்ல ஆரம்பிச்சாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா அந்தச் சொல் ஸ்க்ரோல்ல ஓட ஓட அதுவே ஒரு பேராயிடுச்சு. எங்கம்மா கேட்டாங்க: "சிங்கிள் சோர்ஸ்னா அவங்கதானே?"

ஏப்ரல் கடைசியில நோன்பு ஆரம்பிச்சுது. மசூதியெல்லாம் பூட்டியிருந்ததால பாயம்மா வீட்லயே கஞ்சி காய்ச்சி, வழக்கம் போல பேரன்கிட்ட ஒரு தூக்குல குடுத்து அனுப்பினாங்க. அம்மா சிரிச்ச முகமா வாங்கி வச்சாங்க. ராத்திரி வரைக்கும் தூக்கு அப்படியே இருந்தது. காலைல கழுவி கவுத்திருந்தது. நான் ஒரு வார்த்தை கேட்கல. சொல்லப்போனா எனக்கும் அன்னிக்கு பயமாத்தான் இருந்தது. முப்பத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி அவங்க வீட்டுத் தரையில உட்கார்ந்து ராமாயணம் கேட்ட அதே நான்தான்.

மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்ல இருந்து பெருசாப் பரவிச்சு. மே 5ஆம் தேதி மார்க்கெட்டையே மூடி திருமழிசைக்கு மாத்தினாங்க. டிவியில 'கோயம்பேடு தொற்று'ன்னாங்க. அங்க தக்காளி வித்தவர் எந்த மதம்னு யாரும் கேட்கல. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. அதே நோய், ஒரே மாச இடைவெளி. இடத்தோட பேர்ல சொன்னா வியாதியா இருக்கு, ஆளோட பேர்ல சொன்னா பழியா ஆயிடுது. எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

2020 ஆகஸ்ட் 21ல பம்பாய் உயர்நீதிமன்றத்தோட ஔரங்காபாத் அமர்வு, அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் மேல போட்ட வழக்குகளை ரத்து பண்ணிச்சு. ஊடகங்கள் செஞ்ச பிரச்சாரத்தையும் கண்டிச்சுது. 2021 ஜூன்ல செய்தி ஒளிபரப்பாளர் அமைப்பு ரெண்டு கன்னட சானல்களுக்கு அபராதம் போட்டுது. இதெல்லாம் எங்க வீட்டு டிவியில ஸ்க்ரோலா ஓடி நான் பார்க்கல. ஓடியிருந்தாலும் கழுவி கவுத்த தூக்கு கவுத்ததுதான்.

ஊரை எரிக்கும்னு கோர்ட் வரைக்கும் போன சீரியலால எங்க சந்துல ஒரு சின்ன மனஸ்தாபம் கூட வந்ததில்லை. கோர்ட் சொன்ன அந்த நிதானமா யோசிக்கிற சாதாரண மனுஷன் நான்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். திரைக்குக் கீழே ஓடின ரெண்டு வார்த்தையில கவுந்துட்டேன்.

அடுத்த வருஷம் நோன்புக்கு அதே தூக்குல கஞ்சி வந்தது. குடிச்சோம். பாயம்மாவுக்கு அந்த முதல் தூக்கு கதை தெரியுமான்னு தெரியல. இன்னி வரைக்கும் நான் சொல்லவும் இல்லை. உங்க தெருவுல 2020ல என்ன நடந்ததுன்னு நேரம் இருந்தா எழுதுங்க.

டிஸ்கி: பாயம்மாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியறதில்லை. டிவி ஓடினா காதால கேட்டுட்டு இருக்காங்க.