வாயை மறந்த வைத்திய வரலாறு

சிறுநீரக மாற்று வைத்தியத்தின் வரலாற்றைக் கத்தியின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறார்கள். 1954 டிசம்பரில் பொஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் வைத்தியர், ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். ஒரே கருவில் உருவானவர்களாதலால் உடல் அதனை அந்நியமென்று தள்ளவில்லை. ஏனையோருக்கோ, உடலின் காவலையே அடக்கிவைக்கும் மருந்து வேண்டியிருந்தது. 1962இல் அசத்தியோபிரின் வழி திறந்தது. பின்னர் நோர்வே மலைநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணில் கிடைத்த பூஞ்சணம், சுவிற்சர்லாந்தில் சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்தாயிற்று. 1983இல் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. அண்டையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1971இலேயே இச்சிகிச்சையில் வெற்றி பெற்றது. இலங்கையில் அது 1985இல் தொடங்கிற்று.

காவலை அடக்கியபின் கள்வன் நுழையும் வாசல்களில் ஒன்று வாய். சொத்தைப் பல்லின் வேரில் உறங்கும் சீழ், மற்றவர்களுக்கு வீக்கமாகவும் காய்ச்சலாகவும் முன்னறிவித்தல் தரும். இந்நோயாளியிடமோ அவ்வறிகுறிகளே மங்கிவிடும். ஆதலால்தான் மாற்றுச் சிகிச்சைக்கு முன்பே பற்களைச் சோதித்து, காக்கத்தக்கவற்றைக் காத்து, மற்றவற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். அதோடும் முடிவதில்லை. சைக்கிளோஸ்போரின் ஈறுகளைப் பல்லின்மேல் வளரச் செய்கிறது என்று அதே 1983இல் வைத்தியர்கள் எழுதினர். இரத்த அழுத்தத்துக்குத் தரும் நிபெடிப்பினும் சேர்ந்தால் அவ்வளர்ச்சி கூடும்; பல்லில் படியும் அழுக்கு அதற்கு உரமாகும். கோடிப் பணத்தில் பிறந்த மருந்தின் இத்தீங்கைக் குறைக்க முதலில் வேண்டுவது ஒரு பல்தூரிகையும் பொறுமையுமே!

வாழைச்சேனைக்கு வடக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மாங்கேணியிலிருந்து இவ்வரலாற்றைப் பார்த்தால் அது வேறொரு முகம் காட்டுகிறது. பல்வலிக்கு ஆஸ்பத்திரிக்குச் செல்வதென்றால் ஒரு நாள் கூலியோ ஒரு நாள் மீனோ போய்விடும். கிராம்பை வைத்துக் கடிப்பார்கள் (அதைக் குறைகூற மாட்டேன், கிராம்பெண்ணெய் பல் வைத்தியரின் அலுமாரியிலும் உண்டு). அடுத்தபடி கடையில் கிடைக்கும் வலிமாத்திரை. இபுபுரூபன், டைக்குளோபினாக் போன்றவை சிறுநீரகத்தையே தாக்கக் கூடியவை. எரித்திரோமைசினோ சைக்கிளோஸ்போரினை இரத்தத்தில் அளவுக்கு மீறித் தேக்கிவிடும். வெற்றிலையோடு சேரும் புகையிலை தரும் வாய்ப்புற்றின் அச்சமும், காவல் அடங்கிய உடலில் மிகுகிறது.

2004இன் கடற்கோளையும் 2006–07இன் போரையும் கண்ட கரை இது. வாகரைப் பக்கத்து மக்கள் பல்லாயிரவர் வீடு வாசலை விட்டு ஓடிய நாட்களில் பல் துலக்குவதைப் பற்றிப் பேசியிருப்பவர் யார்?

இந்நாட்டின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிறுநீரக வைத்தியமும் இலவசம், பல் வைத்தியமும் இலவசம். போராடிப் பெற்ற பேறு அது. ஆயினும் இரண்டுக்கும் வாசல்கள் வேறு. ஒன்றில் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. மற்றதில் என்ன மருந்து உண்கிறாய் என்று கேட்க நேரமிருப்பதில்லை. இடையில் தூது செல்பவன் நோயாளியே. அவன் கையிலுள்ள மருந்துச் சீட்டைப் பல் வைத்தியர் முதலில் படிக்க வேண்டும். பல் பிடுங்குவதற்காக அம்மருந்தைத் தானாகவே நிறுத்திவிடலாகாது என்பதை அவனுக்குத் தமிழில் சொல்லவும் வேண்டும்.